சில மிட்ஃபீல்டர்கள் ஏன் அடிக்கடி கிளப் மாறுகிறார்கள்?

கால்பந்தில் தடுப்பாட்டத்துக்கும் தாக்குதலுக்கும் நடுவே நின்று பந்தைக் கடத்துபவர் மிட்ஃபீல்டர். அவருக்கான வேலையைப் பயிற்சியாளரின் ஆட்டமுறைதான் தீர்மானிக்கிறது. நடுக்களத்தில் மூவருக்குப் பதில் இருவர் போதும் என்று புதுப் பயிற்சியாளர் நினைத்தால், நேற்றுவரை அசைக்க முடியாதவராக இருந்தவர்கூட பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். ஒப்பந்தமும் ஒரு காரணம். 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாற்றுத்தொகை (வாங்கும் கிளப் பழைய கிளப்புக்குத் தரும் பணம்) இல்லாமலே வேறு கிளப்புக்குப் போகலாம்.

போன இடத்தில் பொருந்துவதுதான் கடினம். குடிபோன புது வீட்டில், இருட்டில் ஸ்விட்சைத் தடவித் தேடுவோமே, அப்படித்தான். நிமிர்ந்து பார்க்காமலே பாஸ் கொடுக்க வேண்டுமென்றால், விங்கர் (களத்தின் ஓரமாக ஓடித் தாக்குபவர்) எந்த நொடியில் ஓடத் தொடங்குவார் என்பது பழகியிருக்க வேண்டும்.

நெதர்லாந்தின் கிளாரன்ஸ் சீடோர்ஃப் இதில் அபாரமானவர். அயாக்ஸ் (1995), ரியல் மாட்ரிட் (1998), ஏசி மிலான் (2003, 2007) என மூன்று கிளப்புகளுடன், ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்றார். சம்ப்டோரியா, இன்டர் மிலான், கடைசியாக பிரேசிலின் போட்டாஃபோகோ அணிகளுக்கும் ஆடினார். கோல் கணக்குகளைவிட, போன இடத்திலெல்லாம் பொருந்திய இந்தத் திறமையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

செய்திகளில் வரும் பெரிய மாற்றுத்தொகை வீரரின் பைக்குள் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது அவரை விற்கும் கிளப்புக்குப் போகிற பணம், வீரருக்கான சம்பளம் தனியாகப் பேசப்படுகிறது.