கயிறு யார் கையில்?

கேள்வி: படிவம் 2 படிக்கும் என் மகன் சாரணர் இயக்கத்தில் இருக்கிறான், கயிறு, கூடாரம், முகாம் என்று சுற்றுகிறான். தமிழ்ப்பள்ளியில் 4ஆம் ஆண்டு படிக்கும் மகளைப் பண்டு புத்ரியில் (பெண்களுக்கான சாரணியர் இயக்கம்) சேர்க்கச் சொல்கிறார்கள். அங்கே பாட்டும் பூத்தையலும்தானே? அமெரிக்காவில் பாய் ஸ்கவுட்ஸ் பெண்களையும் சேர்த்துக்கொண்டு பெயரையே மாற்றிவிட்டது. நாமும் இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன?
– ஒரு தாய், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: 14 வயதுப் பையனின் மூங்கிலையும் 10 வயதுப் பிள்ளையின் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஆண், பெண் என்கிறீர்களே அம்மா! உங்கள் மகன் 4ஆம் ஆண்டில் இருந்தபோது என்ன செய்தான் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வயதில் இரு பக்கமும் பாட்டும் விளையாட்டும்தான்.

அமெரிக்கச் செய்தியும் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே ஆண்கள் அமைப்பு 2018இல் சிறுமிகளையும், 2019இல் 11 வயதுக்கு மேற்பட்ட பெண்களையும் சேர்த்தது; 2025 பிப்ரவரியில் ஸ்கவுட்டிங் அமெரிக்கா ஆனது. ஆனால் 1912இல் தொடங்கிய பெண்கள் அமைப்பு கலையவில்லை. பெயர் விஷயத்தில் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது, இன்றும் தனியாகவே இயங்குகிறது. பிரிட்டனிலும் சாரணர் குழுக்கள் எல்லாமே 2007 முதல் பெண்களைச் சேர்த்தாக வேண்டும். அங்குள்ள பெண்கள் அமைப்பான கைட்ஸ் இன்னும் பெண்களுக்கு மட்டுமே.

பிரிந்த கதை தெரியுமா? 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் திரளுக்குச் சிறுமிகள் தாங்களே சீருடை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். யாரும் அழைக்கவில்லை. மறு ஆண்டே சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன்-பவல் தம் தங்கை ஆக்னெஸ் பொறுப்பில் அவர்களுக்குத் தனி இயக்கம் அமைத்துக் கொடுத்தார். ஓநாய், நரி என்றிருந்த குழுப் பெயர்கள் பூக்களின் பெயர்களாயின. உங்கள் பூத்தையல் சந்தேகத்துக்கு வயது நூறுக்கு மேல்!

பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை இரவு முகாம்? கூடாரத்தை அடிப்பது மாணவர்களா, ஆசிரியர்களா? குழுத் தலைவர் ஒரு மாணவியா? தட்டுக் கழுவும் முறைப்பட்டியல் இருக்கிறதா?

பண்டு புத்ரியில் இருக்கும் படிவம் 1, 2 மாணவி யாராவது தெரிந்தால் இரண்டு மூங்கில் கழியும் 6 மில்லிமீட்டர் தடிமனில் 3 மீட்டர் கயிறும் கொடுத்து, சிலுவையாகக் கட்டச் சொல்லுங்கள். நிமிர்ந்த கழியில் சிம்புல் மானுக் (ஆங்கிலத்தில் clove hitch) முடிச்சில் தொடங்க வேண்டும். இரண்டு கழியையும் சேர்த்து மூன்று சுற்று, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். பிறகு கழிகளுக்கு இடையே குறுக்காக இரண்டு சுற்று, பலம் கொண்டு இழுத்து. கடைசியில் படுக்கைக் கழியில் அதே முடிச்சு. பெரும்பாலோர் கோட்டைவிடுவது அந்தக் குறுக்குச் சுற்றைத்தான். அது இல்லாவிட்டால் கட்டு நெகிழ்ந்து, பானை வைத்ததும் மூங்கில் தட்டுமேடை முறுக்கிக்கொண்டு சாயும். கட்டத் தெரிந்தால் அந்தக் குழுவில் முகாம் வேலை நடக்கிறது.

கலப்புக் குழு என்றாலே சமத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள். முறைப்பட்டியல் இல்லாத இடத்தில் பையன்கள் மூங்கிலைப் பிடித்துக்கொள்வார்கள், அடுப்பு பெண் பிள்ளைகள் பக்கம் வந்துவிடும். பெண்கள் மட்டும் உள்ள குழுவில் மூங்கிலைப் பிடிக்க வேறு ஆள் கிடையாது. உங்கள் மகளின் பள்ளியில் முகாமே நடப்பதில்லை என்றால், அந்தப் பள்ளிச் சாரணர் குழு பெண்களைச் சேர்க்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சேர்த்தால், முதல் முகாமிலேயே கூடாரம் அடிக்கும் முறை யாருக்கு என்று பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.