தாத்தாவுக்குப் பேப்பர் படிக்க ஆள் வேண்டும்

கேள்வி:

அன்புள்ள அக்கா, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நானும் கணவரும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. புத்தகம் என்றாலே ஓடுகிறான். கைப்பேசியில் கேம், இல்லையென்றால் திடலில் பந்து. படித்த புத்தகங்களைப் பள்ளிக்குக் காட்டும் நிலாம் ஏட்டில் எழுத வேண்டுமே என்று புத்தகத்தின் பின் அட்டையைப் பார்த்துக் காப்பி அடிக்கிறான். போன மாதம் 120 வெள்ளிக்கு நீதிக்கதைகளும் பொது அறிவு நூல்களும் வாங்கிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. எங்களோடு இருக்கும் என் அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர், நாள் தவறாமல் பேப்பர் படிப்பார். இப்போது கண் மங்கி அதையும் விட்டுவிட்டார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் எல்லாரும் படித்தார்கள். இந்தப் பிள்ளைகள் மட்டும் ஏன் இப்படி?

ஒரு தாய்

பதில்:

தங்கச்சி, தோட்டத்தில் எல்லாரும் படித்தார்கள் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நானும் லயத்தில், அந்தத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தவள்தான். எங்கள் லயத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாயங்காலம் தமிழ் நேசன் வந்தால் ஒருவர் சத்தமாகப் படிப்பார், மற்றவர்கள் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்பார்கள். தொடர்கதை வரும் நாளில் கூட்டம் கூடுதலாக இருக்கும். என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கதையில் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று மறுநாள் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்று விவரமாகச் சொல்வார். 1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றுபோனது. அதற்கு வெகுகாலம் முன்பே சத்தமாகப் படித்துக் காட்டும் வழக்கம் நின்றுவிட்டது. தோட்டம் போய்த் தாமான் எனும் குடியிருப்பில் வீடு வந்தது, வீட்டுக்கு வீடு டிவி வந்தது, அப்புறம் ஆளுக்கொரு கைப்பேசி.

மகனுக்குப் படிக்கப் பிடிக்கவில்லை என்கிறீர்கள். படிக்கச் சிரமமாக இருக்கிறதா என்று பார்த்தீர்களா? பள்ளியில் மூன்று மொழி படிக்கிறான். மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் அதே 26 எழுத்து. தமிழுக்கு 247. வீட்டில் ‘வந்துச்சு’ என்கிறோம், புத்தகத்தில் ‘வந்தது’ என்று இருக்கிறது. எழுத்து தெரியும், வேகம் வராது. வரியின் கடைசிக்குப் போவதற்குள் முதல் சொல் மறந்துவிடும். அப்புறம் கதையில் என்ன சுவை இருக்கும்? நான் வகுப்பறையில் நின்ற காலத்தில் சோம்பேறி என்று திட்டு வாங்கிய பல பிள்ளைகள் எழுத்துக் கூட்டியே களைத்துப் போனவர்கள். திட்டியவர்களில் நானும் உண்டு. ஒரு பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

நிலாம் ஏட்டுக்காகச் சண்டை போடாதீர்கள். எத்தனை புத்தகம் என்று கேட்டால் பிள்ளை எண்ணிக்கையைத்தான் காட்டும். 120 வெள்ளிப் புத்தகங்களும் அலமாரியில் கிடக்கட்டும். நீதிக்கதை எனக்கே பிடிக்காது. கடைசியில் யார் திருந்துவார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? பேப்பர் இல்லாமல் தவிக்கும் ஒரு பெரியவர் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். எழுத்து தெரிந்த ஒரு பையன் பக்கத்து அறையில் இருக்கிறான். முதலில் ஞாயிறு பேப்பர் மட்டும் வாங்குங்கள். “தாத்தாவுக்குக் கண் தெரியலடா, நீ கொஞ்சம் படிச்சுக் காட்டு” என்று சொல்லுங்கள். படிப்பு, பழக்கம், எதிர்காலம் என்று ஒரு வார்த்தை பேச வேண்டாம். பந்து விளையாடுகிற பிள்ளை, விளையாட்டுப் பக்கத்திலிருந்தே தொடங்கட்டும். அடுத்து தாத்தா கேட்கும் செய்தி ஒன்று. பத்து நிமிடம் போதும்.

நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தாதீர்கள். அதைத் தாத்தா பார்த்துக்கொள்வார். ஏதாவது நிலச் செய்தி வந்தால் நிறுத்தச் சொல்லிவிட்டு, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தையும், 1960இல் அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளர் காசில் தோட்டம் வாங்கியதையும் பேச ஆரம்பிப்பார். உங்கள் ஊர்க்காரர் கதை ஆயிற்றே, லேசில் முடியாது. பையன் கொட்டாவி விடுவான். விடட்டும். அடுத்த வாரம் அதே சொல் பேப்பரில் வந்தால் தடுக்காமல் படிப்பான். தாத்தா ஐம்பது காசு கொடுத்தால் ‘லஞ்சமா’ என்று கேட்காதீர்கள். எங்கள் லயத்தில் பேப்பர் படித்தவருக்கும் காப்பி இலவசம்தான்.

கைப்பேசியை அடியோடு பிடுங்கவும் வேண்டாம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, நான்கு படிநிலைகளில். நான்காம் ஆண்டுப் பிள்ளை என்பதற்காக நான்காம் நிலையைத் திறக்காதீர்கள், இரண்டில் தொடங்குங்கள். தமிழ்நாட்டு வழக்குச் சொற்கள் நடுவே வரும், உங்களுக்கும் புரியாவிட்டால் இருவருமாக ஊகித்துச் சிரிக்கலாம். கைப்பேசியை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போனால் இரண்டாம் பக்கத்தில் கேம் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ஷிப்ட் இல்லாத இரவில் நீங்களே பிடித்துக்கொண்டு படித்துக் காட்டுங்கள், பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி.

அப்பாவின் கண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஊர் கிளினிக்கில் காட்டி, ஈப்போ அரசு மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். கண்புரையாக இருந்தால் அறுவை சிகிச்சையில் சரியாகிவிட வாய்ப்பு அதிகம். பார்வை வந்த மறுநாளே பேப்பரைப் பேரன் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார், அதை மட்டும் கொஞ்ச நாளைக்குத் தடுத்து வையுங்கள்.