எலிகளின் செய்தி யாருக்கு?

அன்புள்ள ஐயா,

எச்.ஐ.வி.யின் மரபணுவை வேறொரு வைரஸில் பொருத்தித் தடுப்பூசியாக எலிகளுக்குப் போட்டு வெற்றி கண்டிருப்பதாகப் படித்தேன். என் சித்தப்பா மகன் அந்தக் கிருமியோடு பல வருடங்களாக வாழ்கிறான். செய்தியை உடனே அவனுக்கு அனுப்பி, ‘இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கொள்’ என்றேன். மனிதர்களுக்கு எப்போது வரும்? வைரஸையே உடம்பில் ஏற்றுவது ஆபத்தில்லையா? எலிகளை வதைப்பது முறையா?

க.

அன்புள்ள க.,

தம்பி மேல் உங்களுக்குள்ள பாசம் கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஆனாலும் அந்தச் செய்தியை நீங்கள் அவனுக்கு அனுப்பியிருக்கக் கூடாது.

எலி வதை பற்றித் தனியாகத்தான் பேச வேண்டும். வைரஸைக் கண்டு பயப்பட வேண்டாம். சுமந்து செல்லும் வைரஸ் பெரும்பாலும் நம் உடம்பில் பெருக முடியாதபடி முடக்கப்பட்டது. அதில் இருப்பதும் எச்.ஐ.வி.யின் சில மரபணுக்கள் மட்டுமே. அவற்றிலிருந்து முழுக் கிருமி உருவாகாது.

என்னை உறுத்துவது வேறு. சாதாரண எலிக்கு எச்.ஐ.வி. தொற்றவே தொற்றாது. அதன் செல்களில் இந்தக் கிருமி பற்றிக்கொள்ள இடமில்லை. மரபணு மாற்றத்தால் உள்ளே நுழையவிட்டாலும் அங்கே சரியாகப் பெருகாது. அப்படியானால் எலியில் எதைப் பார்த்தார்கள்? ஊசி போட்டுச் சில வாரம் கழித்து மண்ணீரலை எடுத்து, அதன் செல்களை எச்.ஐ.வி. புரதத் துணுக்குகளோடு சேர்த்து வைத்து, எத்தனை செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கின்றன என்று எண்ணுவார்கள்; சுரக்கும் ஒவ்வொரு செல்லும் தட்டில் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகள் கூடினால் நோய் எதிர்ப்பு விழித்துக்கொண்டது என்று பொருள். நோயைத் தடுத்தது என்று பொருளல்ல; தடுக்க அங்கே நோயே இல்லை. போதாததற்கு, அவை தலைமுறை தலைமுறையாக உள்ளினக் கலப்பில் வளர்த்த, ஒரே அச்சிலான எலிகள். மனிதர்கள் அப்படியா இருக்கிறோம்? இந்தச் சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த அளவு போடுவது, இரண்டு வகை ஊசி என்றால் எதை முதலில் போடுவது என்பதெல்லாம் இதில்தான் தெரியவரும். அது ஆய்வுக்கூடத்தின் செய்தி. நோயாளியின் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய செய்தியல்ல.

சளி உண்டாக்கும் அடினோவைரஸ் 5 என்ற வைரஸில் எச்.ஐ.வி. மரபணுக்களை ஏற்றிச் செய்த தடுப்பூசியும் விலங்குகளில் நல்ல எதிர்ப்பைக் காட்டியதுதான். சுமார் 3,000 தன்னார்வலர்களிடம் நடந்த ‘ஸ்டெப்’ ஆய்வு 2007 செப்டம்பரில் நிறுத்தப்பட்டது. ஊசி காக்கவில்லை. அந்த அடினோவைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்பொருள் கொண்டிருந்த ஆண்களில், வெற்று ஊசி பெற்றவர்களைவிட உண்மை ஊசி பெற்றவர்களுக்கே தொற்று அதிகமாக வந்தது. அடினோவைரஸ் 26 கொண்டு நடந்த பெரிய ஆய்வுகளும் 2021இலும் 2023இலும் பலனின்றி முடிந்தன. ‘எப்போது வரும்’ என்ற கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான்.

எனக்கொரு நண்பன் இருந்தான். அவனுக்கும் எச்.ஐ.வி. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, “இது எனக்கா?” என்று கேட்பான். தொற்று வராதவர்களைக் காக்கத்தான் இந்த ஊசி, உனக்கில்லை என்று நான் சொல்வேன். பேசாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வான். கடைசியில் எந்தச் செய்தியையும் நம்பாதவனாகிவிட்டான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றுவதில்லை என்று 2016இலும் 2019இலும் வெளியான ஆய்வுகள் காட்டின. அவனுக்காகவே வந்த செய்தி அது! அதையும் எலிச் செய்திகளோடு சேர்த்து ஒதுக்கினான். தன்னை எல்லாம் அறிந்தே மணக்க முன்வந்த பெண்ணிடம் முடியாது என்று சொல்லிவிட்டான். வாரக்கணக்கில் வாதாடினேன். கேட்கவில்லை.

‘இன்னும் கொஞ்ச நாள்தான்’ என்று எந்தத் தைரியத்தில் எழுதினீர்கள், க.? நாளை உங்கள் தம்பி, ‘ஊசிதான் வரப்போகிறதே’ என்று மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு? இன்றே அவனிடம் பேசுங்கள். அந்தச் செய்தி உனக்கானதல்ல என்று நேராகச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது வைரஸ் அளவு பார்த்தான், எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். கண்டறிய முடியாத அளவென்றால் அதற்கு என்ன பொருள் என்பதை அவன் மருத்துவர் வாயாலேயே அவனுக்குக் கேட்க வையுங்கள்; முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.