புஷ் பட்டன் காரில் சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

கேட்டவர் பெங்களூருவில் முதல் முறையாகப் புஷ் பட்டன் கார், அதாவது சாவியைத் திருகாமல் பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார், வாங்கியிருக்கிறார். "சாவி உள்ளே இருந்தால் இந்தக் கார் பூட்டவே பூட்டாது" என்று ஷோரூமில் சொல்லி அனுப்பினார்களாம். அது உண்மையா, சாவியாக இருக்கும் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோனால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதானா என்பது கேள்வி.

ஷோரூமில் சொன்னது பெரும்பாலான நாட்களில் உண்மை. மற்ற நாட்களில் என்னைப் போன்றவர்களுக்குப் போன் வரும். நான் இங்கே ரோட்சைடு அசிஸ்டன்ஸ் வேலை பார்க்கிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, டயர் பஞ்சர், சாவி உள்ளே மாட்டிக்கொண்டது, இதுதான் அன்றாடம். சாவி விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால், எங்கே ஏமாற்றும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

காரும் ரிமோட்டும் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்கள் பாக்கெட்டில் இருக்கும் ரிமோட் பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். கதவுக் கைப்பிடியில் இருக்கிற சின்ன பட்டனை அழுத்தியதும், அங்கே இருக்கும் ஆன்டெனா சுமார் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிக்னலை விடும். அது ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாது. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கதவு திறக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அந்தச் சிக்னல் பட்டதும் ரிமோட் விழித்துக்கொள்ளும். கார் ஓர் எண்ணை அனுப்பும், ரிமோட் தன்னிடம் உள்ள ரகசியக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டு விடையை அனுப்பும். இந்தப் பதில் போவது வேறு அலைவரிசையில். இங்கே விற்கும் பெரும்பாலான கார்களில் அது 433 மெகாஹெர்ட்ஸ். விடை சரி என்றால் கதவு திறக்கும். ஒவ்வொரு தடவையும் எண் மாறும் என்பதால், நேற்றைய விடையை யாராவது பதிவுசெய்து இன்று ஒலிபரப்பினாலும் பலிக்காது.

சரி, சாவி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று காருக்கு எப்படித் தெரியும்? காருக்குக் கண் கிடையாது. கைப்பிடிகளில், கியர் பக்கத்தில், பின்சீட்டுக்கு அருகில், டிக்கியில் என்று பல இடங்களில் ஆன்டெனா இருக்கும். எந்த ஆன்டெனாவின் சிக்னல் ரிமோட்டில் எவ்வளவு வலுவாக விழுகிறது என்பதை வைத்து இடத்தைக் கணிக்கிறது. பூட்டச் சொன்னதும் முதலில் உள்ளே இருக்கும் ஆன்டெனாக்கள் வழியாகக் கூப்பிட்டுப் பார்க்கும். உள்ளேயிருந்து பதில் வந்தால் பீப் அடித்து, பூட்ட மறுக்கும். பதில் வராவிட்டால்? உள்ளே சாவி இல்லை என்று முடிவுகட்டிப் பூட்டிவிடும். மாட்டிக்கொள்வது எல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்.

பதில் ஏன் வராமல் போகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டேஷ்போர்டின் மேல், கதவின் பக்கவாட்டு அறை, குளோவ் பாக்ஸ், தரை, ஸ்டெப்னி இருக்கும் குழி, இங்கெல்லாம் சிக்னல் சரியாக எட்டாமல் போகலாம் என்று கார் கையேட்டிலேயே எழுதியிருக்கும். அடுத்தது உலோகம். எவர்சில்வர் டிபன் பாக்ஸ், லேப்டாப் இவற்றோடு ஒட்டிக் கிடந்தால் சிக்னல் மங்கும். செல்போனை ஒட்டிக் கிடந்தாலும் இதே கதைதான். வயர்லெஸ் சார்ஜர் இன்னும் மோசம். அது வேலை செய்வதே 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில்தான். ரிமோட்டைக் கூப்பிடும் 125 அதற்கு நடுவில் வருகிறது. அந்த இரைச்சலில் காரின் சிக்னல் ரிமோட்டுக்குக் கேட்காமல் போகலாம். போன் சார்ஜ் ஆகும் தட்டின் பக்கத்தில் சாவியை வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

சர்ஜாபூர் ரோட்டில் ஓர் அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலிருந்து ஒரு தடவை போன் வந்தது. வாட்ச்மேனின் போனிலிருந்து ஓர் அக்கா பேசினார். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். "தம்பி, சாவி உள்ளதான் இருக்கு. பூட்டாதுன்னுதானே சொன்னாங்க?" என்று அழாத குறையாகக் கேட்டார். வேலை முடிந்து வந்தவர், ரிமோட்டில் டிக்கி பட்டனை மட்டும் அழுத்தித் திறந்திருக்கிறார். கதவுகள் நான்கும் ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தன. ஆபீஸ் பையை டிக்கியில் வைத்துவிட்டு, காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு, டிக்கியைச் சாத்திவிட்டார். சாவியும் போனும் அந்த ஆபீஸ் பையின் ஒரே ஜிப்பில். பைக்குப் பக்கத்தில் எவர்சில்வர் டிபன் கேரியர். கணவர் ஓசூரிலிருந்து இன்னொரு சாவியைக் கொண்டுவரும் வரை காத்திருந்தோம். திறந்ததும் நான் முதலில் செய்தது, ரிமோட்டின் பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்ததுதான். புதிதாக இருந்தால் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டியது, 2.6தான் காட்டியது. போன், டிபன் கேரியர், தீரப்போகிற பேட்டரி, மூன்றும் சேர்ந்துகொண்டன. ஏதாவது ஒன்று மட்டும் இருந்திருந்தால் கார் ஒருவேளை கண்டுபிடித்திருக்கும்.

அதனால் டிக்கியைத் திறக்கும்போது சாவி கையிலோ பாக்கெட்டிலோதான் இருக்க வேண்டும். பையில் போடுவதே வேண்டாம். பை டிக்கிக்குள் போகிற பொருள், பாக்கெட் போகாது. புடவை, சுடிதார் என்றால் கழுத்தில் மாட்டும் ஐடி கார்டு நாடாவிலேயே சாவியைக் கோர்த்துக்கொள்ளச் சொல்வேன். இந்த ஊரில் பாதிப் பேர் கழுத்தில் அது எப்படியும் தொங்குகிறது.

ரிமோட் பேட்டரி பெரும்பாலும் சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி. சில மாடல்களில் சிஆர்2450, சிஆர்2025. கழற்றிப் பார்த்தால் மேலேயே எழுதியிருக்கும். இரண்டு தடவை அழுத்தினால்தான் திறக்கிறது, முன்பெல்லாம் தூரத்திலிருந்தே திறந்த வண்டி இப்போது பக்கத்தில் போனால்தான் திறக்கிறது என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஓராண்டு, இரண்டாண்டு வரும். நான் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடச் சொல்வேன், விலை அப்படியொன்றும் பெரிதில்லை. நல்ல கடையில் வாங்குங்கள், இதில் போலி நிறைய. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பழைய பேட்டரியை மேசையில் விட்டுவைக்காதீர்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால்கூட நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துவிட்டால்? நடுரோட்டில் நிற்க வேண்டாம். ரிமோட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ் இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் உள்ளேயிருந்து இரும்புச் சாவி வரும். டிரைவர் கதவுக் கைப்பிடியில் சாவித் துளை இருக்கும். பல கார்களில் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருப்பார்கள். அந்த மூடியின் அடியில் ஒரு கீறல், அதில் சாவி முனையை விட்டு நெம்பினால் மூடி வந்துவிடும். இப்படிச் சாவி போட்டுத் திறந்தால் சில கார்களில் அலாரம் அலறும். பதறாதீர்கள். உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிவைத்து அழுத்துங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும், அலாரமும் அடங்கும். பேட்டரியே இல்லாமல் இது எப்படி என்றால், ரிமோட்டுக்குள் தனியாக ஒரு சிப் இருக்கிறது. நம்ம மெட்ரோ கார்டு போலத்தான் அது: எதிரே இருக்கும் சுருளிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். எல்லாக் காரிலும் ஒட்ட வேண்டிய இடம் ஸ்டார்ட் பட்டன் இல்லை. சிலவற்றில் ஸ்டீரிங் தண்டின் பக்கத்தில் ஒரு குறி, சிலவற்றில் கப் வைக்கும் குழி. கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு, வீட்டு வாசலில் நின்று ஒரு தடவை செய்து பாருங்கள். மழையில், இருட்டில், முதல் தடவையாக அந்த மூடியை நெம்புவது வேறு விஷயம்.

காரின் பெரிய பேட்டரி, அதாவது 12 வோல்ட், படுத்துவிட்டாலும் முதலில் இதே இரும்புச் சாவிதான். ரிமோட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் கேட்பதற்குக் காரில் உயிர் இல்லையே. உள்ளே போனால்தான் பானெட் லீவரை இழுத்து ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்க முடியும்.

இன்னொன்று, பெங்களூருவில் இது அடிக்கடி நடக்கும். கணவரை ஏர்போர்ட்டில் இறக்கிவிட மனைவியும் கூடவே போவார். கெம்பேகவுடா ஏர்போர்ட்டில் கணவர் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். சாவி அவர் பாக்கெட்டில். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததால் மனைவி சீட் மாறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். கார் பீப் அடித்திருக்கும், திரையில் சாவி இல்லை என்றும் காட்டியிருக்கும். இறக்கிவிடும் அவசரத்தில், பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கு நடுவில் அது யார் கண்ணிலும் படாது. ஹெப்பாளில் பெட்ரோல் பங்க்கில் என்ஜினை அணைத்தால், அவ்வளவுதான், திரும்ப ஸ்டார்ட் ஆகாது. ஓடுகிற வண்டி சாவி இல்லை என்பதற்காகத் தானாக நின்றால் பின்னால் வருகிற லாரி மோதிவிடும் என்பதால், என்ஜினை அணைக்காமல் விடும்படிதான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். அது சரியான முடிவு. இறங்குகிறவரிடம் "சாவி எங்கே?" என்று வாய்விட்டுக் கேட்பதுதான் வழி. பாதி வழியில் தெரியவந்தால், இன்னொரு சாவி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை என்ஜினை அணைக்காதீர்கள்.

பூட்டிக்கொண்ட பிறகு யாராவது வந்து, கண்ணாடி இடுக்கில் இரும்பு ஸ்கேலை விட்டுத் திறந்து தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். பழைய காருக்குச் சரி. இன்றைய கதவுகளுக்குள் வயர்கள், சில மாடல்களில் ஏர்பேக் சென்சார்கூட இருக்கும். ரோட்சைடு அசிஸ்டன்ஸ் நம்பர் பெரும்பாலும் இன்சூரன்ஸ் பேப்பரிலேயே இருக்கும், அதைப் பர்ஸில் எழுதி வையுங்கள். போனும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்பதை மறக்க வேண்டாம்.

குழந்தை உள்ளே இருக்கும்போது பூட்டிக்கொண்டால் மட்டும் எங்களுக்காகக் காத்திருக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் சூடு நிமிடங்களில் ஏறிவிடும். 112க்கு அடியுங்கள். குழந்தை சோர்வாகத் தெரிந்தால், குழந்தையிலிருந்து தள்ளி இருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியை, அதன் மூலையில் அடித்து உடையுங்கள். முன் கண்ணாடியை அடிக்க வேண்டாம், அதன் நடுவில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் விரிசல் விடுமே தவிர வழி விடாது.

திருட்டைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் இருக்கும் ரிமோட்டின் சிக்னலை நீட்டி எடுத்துக் காரைத் திறக்க முடியும் என்று 2011இலேயே சூரிக் ஆராய்ச்சியாளர்கள் 8 கம்பெனிகளின் 10 மாடல்களில் செய்து காட்டினார்கள். இரவில் சாவியை வாசல் பக்கம் மாட்டாமல், மூடி இறுக்கமாக இருக்கும் எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். டப்பா போதுமா என்று தெரிய, சாவியோடு அதைக் கையில் எடுத்துக்கொண்டு கார் பக்கத்தில் நின்று கைப்பிடி பட்டனை அழுத்துங்கள். திறந்தால் வேறு டப்பா.

இரண்டாவது சாவியை எந்தக் காரணத்துக்காகவும் காருக்குள் வைக்காதீர்கள். கார் திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒரு சாவி தொலைந்தால் போலீஸில் புகார் பதிந்து, புதுச் சாவியைச் சேர்க்கும்போதே தொலைந்ததைக் காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். நாமே கேட்டால்தான் சில இடங்களில் செய்வார்கள். சாவி தொலைந்ததற்குத் தனியாக இன்சூரன்ஸ் ஆட்-ஆனும் உண்டு.

உங்கள் கார் எந்த மாடல் என்று சொல்லுங்கள். சாவித் துளை எங்கே ஒளிந்திருக்கிறது, ரிமோட்டை எங்கே ஒட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.