3டி பிரிண்டிங் வந்தால் கொத்தனார் வேலை போய்விடுமா?

இப்போதைக்குப் போகாது. 3டி பிரிண்டிங்கில் கட்டிய பெங்களூரு கேம்பிரிட்ஜ் லேஅவுட் தபால் நிலையத்தையே பாருங்கள். 2023-ல் திறந்தது, 1,021 சதுர அடி, சென்னை ஐஐடி வழிகாட்ட எல் அண்ட் டி கட்டியது, 43 நாளில் முடிந்தது என்று பெருமையாகச் சொன்னார்கள். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் மெஷின் கான்கிரீட் கலவையை அடுக்கடுக்காக ஊற்றி எழுப்புவது சுவரை மட்டும். அஸ்திவாரம், வயரிங், பிளம்பிங், டைல்ஸ் எல்லாம் இன்னும் மனிதக் கைதான்.

அடி வாங்கப்போவது சுவர் கட்டுகிறவரும், அவருக்குக் கல்லும் கலவையும் தூக்கிக் கொடுக்கும் சித்தாளும். சித்தாள்களில் பெரும்பாலும் பெண்கள், மெஷின் ஓட்டும் பயிற்சிக்கு அவர்களை யாரும் கூப்பிடுவதாகத் தெரியவில்லை. பில்டர்கள் மெஷின் பக்கம் பார்ப்பதற்கும் காரணம் இருக்கிறது, பீகார், ஒடிசா ஆட்கள் பண்டிகைக்கு ஊருக்குப் போனால் சைட் அப்படியே நின்றுவிடுகிறது.

அப்புறம், ‘பசுமைக் கட்டுமானம்’ என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். சுவருக்குச் சென்ட்ரிங் பலகை வேண்டாம், பொருள் வீணாவதும் குறைவு, சரி. ஆனால் கலவை வெளியே வரும் நாசிலில் (குழாய் முனையில்) பெரிய ஜல்லி போகாது என்பதால் கலவையில் சிமென்ட் பொதுவாக அதிகம், உலகக் கார்பன் உமிழ்வில் சுமார் 8 சதவீதம் சிமென்ட்டால்தான். கலவையில் சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பல் சேர்த்தால் கொஞ்சம் பரவாயில்லை.