ஓட்டுப் போட்டும் ஒன்றும் மாறவில்லையே: மலேசிய வாசகர்களின் கேள்வி பதில்

கேள்வி (செந்தூல்): அண்ணா, 2018இல் நம்பி வரிசையில் நின்றோம். 2020இல் ஆட்சியே கவிழ்ந்தது. இனி யாருக்குப் போட்டாலும் கட்சி தாவத்தானே போகிறார்கள்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, அக்கா. ஆனால் அதற்குப் பிறகு சட்டம் மாறியிருக்கிறது. 2022 அக்டோபர் 5 முதல் அரசியலமைப்பின் 49ஏ விதி நடப்பில் உள்ளது. கட்சி சார்பில் வென்றவர் அதிலிருந்து விலகினால் தொகுதி காலி. சுயேச்சையாக வென்றவர் கட்சியில் சேர்ந்தாலும் அப்படித்தான்.

ஓட்டைகளும் உண்டு. கட்சியே நீக்கினால் பதவி போகாது. ஒரு கட்சி மொத்தமாக அணி மாறினாலும் போகாது. பெரிய ஓட்டை, கட்சியில் இருந்துகொண்டே எதிரணியை ஆதரிப்பது. எதிர்க்கட்சியான பெர்சத்துவின் ஆறு மக்களவை உறுப்பினர்கள் பிரதமரை ஆதரித்தபோது, அவர்கள் உறுப்பியத்தை இழந்துவிட்டதாகக் கட்சி சொன்னது. இடங்கள் காலியாகவில்லை என்று 2024 ஜூலையில் சபாநாயகர் முடிவெடுத்தார். இதை அடைக்காதவரை இது பாதிச் சட்டம்தான் என்பேன். அடுத்த முறை வேட்பாளர் கை குலுக்க வரும்போது, அணி மாற நினைத்தால் பதவி விலகி இடைத்தேர்தலைச் சந்திப்பாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி (செராஸ்): வெறுத்துப்போய் செல்லாத ஓட்டுப் போடலாம் என்றிருக்கிறேன்.

பதில்: அதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்ற வரம்பு நம் நாட்டில் கிடையாது. ஒரே ஓட்டு கூடுதலாகப் பெற்றவரும் வென்றவர்தான்.

கேள்வி (ஜெலுத்தோங்): எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலையில் பள்ளம், சாக்கடையும் அடைப்பு. ஒய்.பி. (தொகுதி உறுப்பினர்) அலுவலகத்துக்கு எத்தனை வாட்ஸ்அப் அனுப்பினாலும் 'பார்க்கிறோம்' என்பதே பதில்.

பதில்: பலருக்கு அரசியல் மேலேயே வெறுப்பு வருவது இங்கேதான், சகோதரி. பள்ளத்தை மூடும் அதிகாரம் ஒய்.பி.யிடம் இல்லை. சாலை யாருடையது என்று முதலில் பாருங்கள். பலகையில் வெறும் எண் இருந்தால் கூட்டரசுச் (மத்திய அரசின்) சாலை. பினாங்குத் தீவைச் சுற்றும் 6ஆம் எண் சாலை அப்படிப்பட்டது. 'P' எழுத்தோடு எண் இருந்தால் மாநிலச் சாலை. குடியிருப்புச் சாலையும் அதன் சாக்கடையும் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் பொறுப்பு. அடுக்குமாடி வளாகத்துக்குள் என்றால் நிர்வாகக் குழுதான் செய்ய வேண்டும். வீடு கட்டிய நிறுவனம் சாலையை இன்னும் மன்றத்திடம் ஒப்படைக்காவிட்டால் மன்றம் கைவிரிக்கும். புதுத் தாமான்களில் புகார் தேங்குவதற்கு இது முக்கியக் காரணம், ஆகவே ஒப்படைத்தாயிற்றா என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே குப்பை அள்ளுவது 2011 முதல் எஸ்டபிள்யூ கார்ப் என்ற கூட்டரசுத் திடக்கழிவு நிறுவனத்தின் மேற்பார்வையில் நடக்கிறது. பினாங்கு அந்தக் கூட்டரசுச் சட்டத்தை ஏற்கவில்லை. இங்கே குப்பையும் மன்றத்தின் வேலை.

புகாரை மலாயில் எழுதுங்கள். ஒரு புகாரில் ஒரே விஷயம். பள்ளத்தையும் சாக்கடையையும் சேர்த்து எழுதினால் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே அது தொங்கும். பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், தேதி, படம் மூன்றும் இருக்கட்டும். புகார் எண் வாங்காமல் விடாதீர்கள். வேலை நடக்காமலே 'முடிந்தது' என்று பதில் வந்தால், அதே எண்ணைக் குறிப்பிட்டு புதுப் படத்தோடு மறுபடி எழுதுங்கள், ஒய்.பி.க்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கையில் புகார் எண் இருந்தால்தான் அவராலும் மன்றத்தைக் குடைய முடியும்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): கவுன்சிலரை நாமே தேர்ந்தெடுக்க முடியாதா?

பதில்: முன்பு முடிந்தது. ஜார்ஜ்டவுனில் 1951இல் தேர்தல் நடந்தது. 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதற்கு முடிவே கட்டியது. பினாங்கு 2012இல் தனிச் சட்டம் இயற்றியும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆகவே திறவுகோல் நாடாளுமன்றத்தில்தான் இருக்கிறது. உங்களைப் போன்ற கோலாலம்பூர் வாசிகளுக்கு இதில் இழப்பு அதிகம். சட்டமன்றமும் இல்லை, மேயரும் நியமனம், ஐந்தாண்டுக்கு ஒரே ஓட்டு. இத்தனை வரி கட்டும் ஊருக்கு இது அநீதி. தலைநகரின் 11 நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் இதைத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த்): இந்தியர் மேம்பாட்டுக்கான அரசுப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி என்கிறார்கள். எங்கே போகிறது?

பதில்: 'எங்கே போனது' என்று கேட்டால் 'திட்டங்களுக்கு' என்றுதான் பதில் வரும். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்துமூலக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: எந்த ஆண்டு, மாநில வாரியாக எத்தனை விண்ணப்பம், எத்தனை ஏற்பு, எத்தனை நிராகரிப்பு, கொடுத்த தொகை, ஆண்டு முடிவில் செலவாகாமல் நின்ற தொகை. கடைசி எண்ணை விட்டுவிடாதீர்கள். ஒதுக்கியதும் செலவழித்ததும் ஒன்றல்ல. கூட்டத்தொடர் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பே கொடுத்தால்தான் சேரும்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): எனக்கு 19 வயது. பெயர் தானாகச் சேர்ந்துவிட்டதாமே, நான் ஏதும் செய்ய வேண்டுமா?

பதில்: சேர்ந்திருக்கும், தம்பி. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானோர் தானாகவே பட்டியலில் சேர்கிறார்கள். ஆனால் ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கும் முகவரிப்படிதான் தொகுதி. வீடு மாறியிருந்தால் முதலில் பதிவு இலாகாவில் ஐசி முகவரியை மாற்றுங்கள். பிறகு தேர்தல் ஆணையத்தின் இணையத்தளத்தில் தொகுதி மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறாவிட்டால் அங்கேயே விண்ணப்பியுங்கள். நாடாளுமன்றம் கலைந்தபின் ஓடினால் பலனில்லை. 2022இல் அக்டோபர் 10இல் கலைந்தது, நவம்பர் 19இல் வாக்களிப்பு நடந்தது.