ஓட்டுப் போட்டு வெளியே வருபவர்களிடம் கேட்டுக் கணித்து, எக்ஸிட் போல் என்று டிவியில் காட்டுகிறார்களே, அதை நம்பலாமா?

கேள்வியைப் பார்த்ததும் வயிறு எரிந்தது, அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் யாரோடோ கட்சிச் சண்டை போட்டுவிட்டு வந்துதான் கேட்டிருப்பீர்கள். டீக்கடையில் பேசிக்கொள்ள வேண்டுமானால் நம்புங்கள், காசை மட்டும் அதை நம்பி எடுக்காதீர்கள்.

2024 ஜூன் 1, சனிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து, கணிப்புகளை வெளியிட இருந்த தடை மாலை ஆறரைக்கு நீங்கியதுதான் தாமதம், எல்லா சேனலும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன. பாஜக தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 சீட்டுக்கு மேல் என்றுதான் பெரும்பாலான கணிப்புகள், சிலது 400 வரை போனது. மச்சான் போன் போட்டு, "மாப்ள, திங்கக்கிழமை மார்க்கெட் பறக்கும், கவர்மென்ட் கம்பெனி ஷேரா வாங்கிப் போடு" என்றார். பையனின் ஸ்கூல் ஃபீஸுக்காக வைத்திருந்த 80,000 ரூபாயை எடுத்துப் போட்டேன். திங்கட்கிழமை பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. சாயங்காலம் வீட்டுக்கு அல்வா வேறு வாங்கிப் போனேன்.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை. பாஜக தனியாக 240, கூட்டணியாக 293. ஆட்சி அவர்களுக்குத்தான், ஆனால் கணிப்பில் சொன்ன அளவு வராததால் சென்செக்ஸ் 4,389 புள்ளி விழுந்தது. விற்கலாம் என்றால் ஆப் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் விற்று வெளியே வந்தபோது கையில் 64,000 சொச்சம். இதில் கொடுமை, 7-ஆம் தேதியே சென்செக்ஸ் பழைய இடத்தைத் தாண்டிவிட்டது. ஃபீஸ் கட்ட மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

உடனே "பேராசை" என்று கமென்ட் போட வராதீர்கள். பேராசைதான், ஒத்துக்கொள்கிறேன். நான் எந்தக் கட்சிக்காரனும் இல்லை, யார் ஜெயித்தால் எனக்கென்ன. ஆனால் அப்புறம் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. பாஜக 2019-இல் வாங்கிய ஓட்டு 37.4 சதவீதம், 2024-இல் 36.6. ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை, சீட்டு மட்டும் 303-லிருந்து 240-க்கு வந்துவிட்டது. ஓட்டு எந்த மாநிலத்தில் குறைந்தது, எதிரே இருந்தவர்கள் சேர்ந்து நின்றார்களா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வாக்குச்சாவடி வாசலில் நாலு பேரைக் கேட்டு, அதிலும் பாதிப் பேர் பயந்து மாற்றிச் சொல்லி, அதிலிருந்து சீட்டுக் கணக்குப் போடுகிறார்கள். இந்தச் சிக்கலை எந்த சேனலாவது சொன்னதா? "361 முதல் 401 வரை" என்று பெரிய எழுத்தில் போட்டால் போதும் அவர்களுக்கு. தமிழ்நாட்டிலும் அந்தக் கூட்டணிக்கு ஓரிரண்டு இடம் உண்டு என்று கொடுத்தார்கள், வந்தது பூஜ்ஜியம். ஆக்சிஸ் மை இந்தியா என்ற கணிப்பு நிறுவனத்தின் தலைவர் பிரதீப் குப்தாவாவது நேரலையிலேயே அழுதார், நடிப்போ நிஜமோ. சனிக்கிழமை கத்திய தொகுப்பாளர்கள் செவ்வாய்க்கிழமை முதலிலிருந்தே இதைத்தான் சொன்னோம் என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.